இயற்றியவர்: அறியப்படவில்லை

"சின்னராசு கையெழுத்துப் போட்ட பேப்பரக் காட்டுங்க, சார்."

சொல்லி முடித்த பிறகுதான் அமலாவுக்குத் தன் குரல் காதில் விழுந்தது. வெளியே வந்துவிட்டது. இனி அதை அள்ளி உள்ளே போட முடியாது.

இப்படிக் கேட்கவே கூடாது என்று இரண்டு பேர் அவளிடம் சொல்லியிருந்தார்கள். முதலாவது அம்மா. மரியம்மாள் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் தரை துடைக்கிறவள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மேற்பார்வையாளரிடம் தன் வேலை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அடுத்த திங்கட்கிழமையே அவளைத் தீவின் அந்தக் கோடியில் ஒரு தொழிற்சாலைக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிடோக் வீட்டிலிருந்து இரண்டு வருஷம் முதல் பஸ் பிடித்துப் போய்வந்தாள். "வேல குடுக்கறவங்ககிட்ட பேப்பர் கேக்காதடி. கேட்டா, அதுவரைக்கும் கண்ணுலயே படாத நம்ம மூஞ்சி அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிடும்" என்பாள்.

இரண்டாவது, எடிட்டர் முகைதீன். அமலா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளியின் அறையில் இரும்பு அலமாரிமேல் கிடந்த பச்சை ஃபைலைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே காட்டினார். "இந்த ஆபீஸ்ல என்ன வேணும்னாலும் கேளு. லீவு கேளு, ஏர்கான் குளிருதுன்னு கத்து. அந்த ஃபைல மட்டும் கேக்காத லா."

முதலாளி சுஜீந்திரன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, அவளுக்கும் கோபம்தான் கைவந்த கலை. அவர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, கண்ணாடிக் கதவைச் சாத்தினார். வெளியே முகைதீன் ஓட்டிக்கொண்டிருந்த ஏதோ விளம்பரத்தின் மேளச் சத்தம் சட்டென்று அறுந்தது.

"உக்காருங்க அமலா" என்றார். அலமாரிமேலிருந்த பச்சை ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். அந்நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் விளம்பரத்தில் வருகிற முகமாக மாறியது. "ஆங், கனி பாய்! சொல்லுங்க... கண்டிப்பா, கண்டிப்பா. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஃபார்ம் உங்க கையில." ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டே போனார்.

அமலா உட்கார்ந்தாள். கை எட்டும் தூரத்தில் ஃபைல். தொடத் துணிச்சல் வரவில்லை.

டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது நீலவரி நிறுவனம். நகைக்கடை, கேட்டரிங், டியூஷன் சென்டர் என்று லிட்டில் இந்தியாவில் காசு வைத்திருக்கிற யாருக்கும் விளம்பரப் படம் எடுத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு படத்தோடும் ஒரு தாள் போகும். மியூசிக் ஷீட் என்பார்கள். படத்தில் வருகிற ஒவ்வொரு பாட்டும், ஒவ்வொரு பின்னணித் துணுக்கும் யார் இயற்றியது, யார் பாடியது, யாருக்குச் சொந்தம், அனுமதி வாங்கியாயிற்றா என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கும். கடைசியில், 'மேலே சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் நானே பொறுப்பு' என்ற வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் கையெழுத்தை, ஆபீஸுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர்தான் போட வேண்டும். எல்லோருக்கும் கோப்பி வாங்கி வருவதைப் போல அதுவும் புதியவரின் வேலை. அமலா பதினொரு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் ஒரு சினிமாப் பின்னணி இசையைப் பற்றி, "இதுக்கு அனுமதி வாங்கினோமா?" என்று கேட்டாள். "பத்து செகண்டுக்குக் கீழ இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் சுஜீந்திரன். சட்டத்தில் அப்படிப் பத்து விநாடிக் கணக்கு ஏதும் இல்லை என்பதைத் தேடிப் பார்க்க அவளுக்கு ஐந்து நிமிஷம் போதும். அவள் தேடவில்லை. வீட்டில் முதல் பட்டதாரி. பட்டமளிப்பு அங்கி போட்ட அவளது படம் பிடோக் வீட்டில் மாதா படத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டியிருந்தது. வேலை வேண்டும். கையெழுத்துத்தானே?

அப்புறம்தான் சின்னராசு.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகைக்கடையின் தீபாவளி விளம்பரத்துக்காக லிட்டில் இந்தியாவின் சத்தங்களைப் பிடித்து வரச் சொல்லி அவளை அனுப்பினார்கள். ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்தரையில், ஊரிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள் லீவு நாளைக் கழிக்கப் பிளாஸ்டிக் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனி பெயர் அச்சடித்த மஞ்சள் டீ-ஷர்ட். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் கிரேனுக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை என்று பிறகு சொன்னார்.

அந்தக் கரையில நீ வெளக்கேத்து,
இந்தக் கரையில என் நெழலு விழும்.

அமலாவுக்குப் பிடரி மயிர் நட்டுக்கொண்டது. "அண்ணே, இன்னொரு தடவ பாடுங்கண்ணே" என்று போனை நீட்டினாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே பாடினார். பெயர் கேட்டாள், நம்பர் வாங்கிக்கொண்டாள். யார் எழுதின பாட்டு என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. எஸ்பிளனேட் கலையரங்கில் மைக் முன்னால் ஒருவர் பாடியிருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும். புல்தரையில் மஞ்சள் டீ-ஷர்ட் போட்டவர் பாடினால் அது நாட்டுப்புறப் பாட்டு. நாட்டுப்புறப் பாட்டு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது. நான்கு வருஷம் படித்த படிப்பு அவளுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தது போலிருக்கிறது.

ஷீட்டில் 'ட்ரெடிஷனல்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். இயற்றியவர்: அறியப்படவில்லை. அமலா ஆரோக்கியசாமி என்று கையெழுத்துப் போட்டாள். 'பாடியவரின் சம்மதம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினாள். "அந்த ஆளுகிட்ட நான் பேசிக் கையெழுத்து வாங்கிட்டேன். ஃபைல்ல இருக்கு. 'யெஸ்' போடுங்க" என்றார் சுஜீந்திரன். போட்டாள்.

விளம்பரம் பற்றிக்கொண்டது. ஆரம்பத்தில் நான்கு விநாடி சின்னராசுவின் குரல். அப்புறம் ஸ்டூடியோவில் ஒரு பாடகி. சிராங்கூன் ரோட்டில் பெரிய திரையில், பஸ்ஸில், ஊரில் இருக்கிறவர்கள் போனில், எங்கே பார்த்தாலும் அதுதான். மூலையில் பொடி எழுத்தில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருந்தார்கள். இரண்டாவது வரியை மட்டும் மாற்றிவிட்டார்கள். நகைக்கடைக்கு நிழல் எதற்கு? 'இந்தக் கரையில தங்கம் மின்னும்.'

பத்து நாளைக்கு முன்னால் சின்னராசுவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "மேடம், நல்லாருக்கீங்களா. என் பாட்டு டிவியில ஓடுது மேடம். ரூம்ல பசங்க கிண்டல் பண்றானுங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா பர்மிட் போயிடும்னு பயமாருக்கு. நான் வெளி வேல எதுவும் செய்யலன்னு ஒரு பேப்பர் எழுதித் தர முடியுமா மேடம்?"

அதைக் கேட்டுவிட்டு அவள் முதலில் நினைத்தது, 'என் பாட்டா?' என்றுதான். இப்போது அதை நினைத்தாலும் காது சுட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே புல்தரையில் அவரைப் பார்த்தாள். "யாரும் வந்து உங்ககிட்ட கையெழுத்து வாங்கினாங்களாண்ணே?"

"யாரும் வரலியே மேடம்."

"அந்தப் பாட்டு... உங்க ஊர்ல பாடறதுதானே?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல, மீதியைப் பாடினார்.

இரும்புக் கழுத்துக் கிரேனு மேல ஏறி
எட்டிப் பாத்தேன், ஒங்கூரை தெரியலையே.

"எங்க ஊர்ல கிரேன் ஏது மேடம்?" என்றார்.

இங்கே வந்த முதல் தீபாவளிக்கு லீவு கிடைக்காமல் பட்டறையில் நின்றபோது அவரே கட்டியது. அன்றைக்கே மனைவிக்குக் குரல் செய்தியாகப் பாடி அனுப்பியிருந்தார். போனை எடுத்துக் காட்டினார். தேதியோடு இருந்தது. இரண்டு வருஷம் முந்தைய தீபாவளி.

அமலா கையெழுத்துப் போட்ட தாளில் இருந்த இரண்டு விஷயமும் பொய். ஒன்று அவளுடைய பொய், இன்னொன்று சுஜீந்திரனுடையது. கீழே இருந்த பெயர் மட்டும் ஒன்று.

செவ்வாய்க்கிழமை பிடோக் சமூக மன்றத்தில் நடக்கிற இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனாள். அமீரா என்று ஓர் இளம் வக்கீல். யார் பெயரும் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள். "இந்த நாட்டுல பாட்டப் பதிவு பண்ணணும்னு இல்ல, அதுக்கு ஆபீஸும் இல்ல" என்றார் அமீரா. "அவரு கட்டினாரு, போன்ல ரெக்கார்ட் ஆச்சு. அந்த நொடியிலேருந்து அவரோடது. அவரு எழுத்துல குடுக்காத வரைக்கும் அது வேற யாருக்கும் போகாது. பாட்ட எடுத்துப் போட்டா அவரு பேரப் போடணும். பாடின குரலுக்கும் தனியா சம்மதம் வேணும்."

"அவரு ஒர்க் பர்மிட்ல இருக்காரு. பேரு வந்தா பிரச்சினையா?"

அமீரா பேனாவை மூடிக்கொண்டே யோசித்தார். "லீவு நாள்ல பாட்டுக் கட்டறது வேலைன்னு எனக்குத் தோணல. தன் பாட்டுக்குத் தன் பேரக் கேக்கறதும் வேலையில்ல. காசு வாங்கறதா இருந்தா மட்டும் முன்னாடியே மனிதவள அமைச்சுல கேட்டுக்கணும். ஆனா பாருங்க, நூத்துக்கு நூறு ஒண்ணும் ஆகாதுன்னு நான் எழுதித் தரமாட்டேன்." கொஞ்சம் விட்டு, "அந்த ஷீட்ல கையெழுத்துப் போட்டது யாரு?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு" என்றாள் அமலா.

ஜன்னல் பக்கம் போன் பேச்சு முடிந்தது. சுஜீந்திரன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஃபைல் கேட்டீங்க. பாருங்க. தாராளமா பாருங்க."

அவரே ஃபைலை அவள் பக்கம் தள்ளினார். அப்படித் தள்ளியதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. ஒளித்து வைக்க ஏதாவது இருந்தால் ஒருத்தர் இப்படித் தள்ளமாட்டார்.

திறந்தாள். மேலேயே அவள் கையெழுத்து. புரட்டினாள். அவள் கையெழுத்து. மறுபடியும் அவள் கையெழுத்து. முப்பது தாளுக்கு மேல் போன பிறகு எழுத்து மாறியது: வினுஷா. அவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவள். அதற்கும் அடியில் ஸ்ரீநாத் என்று யாரோ. கடைசித் தாள்வரை புரட்டிப் பார்த்தாள். ஒரு பாட்டுக்காரர் கையெழுத்து இல்லை. ஓர் அனுமதிக் கடிதம் இல்லை. ஒரு ரசீது இல்லை. அனுமதிகளை வைக்கிற ஃபைல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இது பிரச்சினை வந்தால் மாட்ட வேண்டியவர்களின் ஃபைல்.

"சின்னராசு கையெழுத்து எங்க சார்?"

"தேவைப்படல. நீங்கதானே 'ட்ரெடிஷனல்'னு போட்டீங்க? யாரோடதும் இல்லாத பாட்டுக்கு நான் யாருகிட்ட போய் நிக்கறது?"

"வாங்கிட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேனா?" உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்ப்பவர்போல நெற்றியைத் தேய்த்தார். "எழுத்துல இருக்கா?"

ஏர்கான் காற்று நேராக அவள் பின்கழுத்தில் அடித்தது.

"வினுஷா நல்ல பொண்ணு" என்றார் சுஜீந்திரன் மெதுவாக. "ரொம்பக் கெட்டிக்காரி. ஒருநாள் சென்னையிலேருந்து ஒரு மியூசிக் கம்பெனியோட வக்கீல் லெட்டர் வந்துச்சு. எனக்கு இல்ல. அவ பேருக்கு, அவ வீட்டுக்கு. அவங்க அப்பாதான் பிரிச்சாராம். அதோட அவ வேலைக்கு வரல. நானும் வற்புறுத்தல."

பிடோக் வீட்டுத் தபால்பெட்டியின் சாவி அம்மாவின் கைப்பையில் இருப்பது அமலாவுக்கு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுச் சீனத்தி அம்மாவிடம் போய் நிற்பாள்.

"பயப்படாதீங்க. அதுக்குத்தான் நான் இருக்கேன்." ஒரு புதுத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "மணிமுத்து நகைக்கடை கனி பாய் இந்த விளம்பரத்த ஜோகூர், கோலாலம்பூர்னு கொண்டு போறாரு. அங்கத்த டிவிக்குப் புது ஷீட் வேணுமாம். நல்லதாப் போச்சு. போன தடவ பண்ணின தப்பச் சரி பண்ணிக்கலாம். 'ட்ரெடிஷனல்' வேணாம். 'ஒரிஜினல்'னு போடுங்க. இயற்றியவர், நீலவரி. முடிஞ்சது. பழைய தாளக் கிழிச்சுடலாம்."

"அது அவரு பாட்டு சார். தேதியோட இருக்கு."

"யாரு கேட்டா?"

"அவரு கேக்கறாரு."

"அவரு கேக்கமாட்டாரு அமலா." முதல் தடவையாக அவர் குரலில் எரிச்சல் தட்டியது. "பட்டறை வேலைக்குன்னு பர்மிட் வாங்கி வந்த ஆளு, விளம்பரத்துல பாடினேன்னு எழுத்துல ஒத்துக்கிட்டா எந்தக் கதவத் தட்டுவாங்க? என் கதவயா? அடுத்த பிளேன்ல அவர ஏத்தி விட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவீங்களா? நான் அவருக்காகத்தான் சொல்றேன்."

அவளுடைய கோபம் அந்த இடத்தில்தான் செத்தது. கத்துவதற்கு என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஆவியாகிப் போயிற்று. அவர் சொல்வது பொய்யாக இருக்கலாம். உண்மையாக இருந்துவிட்டால்? அவள் நியாயம் பேசப் போய், ஒரு மனுஷன் ஊருக்குப் பெட்டி கட்டுவதா?

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்றாள்.

"தாராளமா." பேனாவைத் தாளின்மேல் குறுக்காக வைத்தார்.

மாடிப்படியில் உட்கார்ந்தாள். கீழே பூக்கடையிலிருந்து மல்லிகையும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை ஏறி வந்தது. முகைதீன் பின்னாலேயே வந்து, இரண்டு படி மேலே நின்றார்.

"கேட்டுட்டியா?"

"ம்."

"லூசாடி நீ?"

"என்ன பண்ணட்டும் பாய்? சொல்லுங்க."

"போட்டுக் குடுத்துட்டு வேற வேல தேடு."

"நீங்க தேடலாமே?"

"தேடிட்டுத்தான் இருக்கேன். ஆறு வருஷமா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வினுஷாகிட்டயும் இதேதான் சொன்னேன்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மணி பன்னிரண்டு நாற்பது. பட்டறையில் சாப்பாட்டு நேரம். அழைத்தாள். இரண்டாவது தடவை அடிப்பதற்குள் சின்னராசு எடுத்தார். பின்னால் இரும்பு அறுக்கிற சத்தம்.

"சொல்லுங்க மேடம். பேப்பர் ரெடியா?"

அவள் எதையும் மறைக்கவில்லை. தன் கையெழுத்து, ஃபைல், புதுத் தாள், வக்கீல் சொன்னது, வக்கீல் சொல்லாமல் விட்டது, முதலாளி சொன்ன பிளேன் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அறுக்கிற சத்தம் தூரத்தில் போயிற்று. எங்கோ ஒதுங்கி நடந்திருப்பார்.

"நான்தாண்ணே முதல்ல தப்பு பண்ணினது" என்றாள். "யாரு பாட்டுன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. நீங்க விட்டுடுன்னு சொன்னா விட்டுடறேன். உங்க பேரு எங்கயும் வராது. என் பேரு மட்டும் இருக்கும்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

"என் பொண்ணு நாலாவது படிக்குது" என்றார் சின்னராசு. "ஸ்கூல்ல யாரோ போன்ல இந்த வெளம்பரத்தப் போட்டிருக்காங்க. இது எங்கப்பா பாட்டுன்னு சொல்லியிருக்கு. டீச்சர் மூலையில இருக்கறதப் படிச்சுக் காட்டி, நாட்டுப்புறப் பாடல்னு போட்டிருக்கு, பொய் சொல்லக் கூடாதுன்னுட்டாங்களாம். வீட்ல வந்து அழுதுட்டு, ஒங்கப்பா பாட்டுத்தான்டின்னு அவங்கம்மா சொன்னா நம்பமாட்டேங்குது. நான் பாடி அனுப்பினதக் கேட்டுட்டு, அப்பா வெளம்பரத்தப் பாத்துக் கத்துக்கிட்டாருன்னு சொல்லுது."

அமலா படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். மேடம் என்ற வார்த்தை எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"தெரியலண்ணே. வேல போகும். லெட்டர் வரலாம். வேற என்னன்னு தெரியல."

"எனக்கும் என்ன ஆகும்னு தெரியல தங்கச்சி. பிசைஞ்ச சோறு அப்படியே இருக்கு." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "பேரப் போட்டுருங்க. காசு வேணாம்னு எழுதிருங்க, அதக் கேட்டாத்தான் வம்பு. பேரு போதும். அப்புறம், தங்கம்னு மாத்துனத எடுக்கச் சொல்லுங்க. அது நெழலு."

"முழுப் பேரு சொல்லுங்க. பர்மிட்ல இருக்கற மாதிரி."

"கருப்பையா சின்னராசு."

எழுந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனாள். முகைதீன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் திரையில் எதுவும் ஓடவில்லை. கண்ணாடி அறைக்குள் சுஜீந்திரன் அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து பேனாவை எடுத்தாள். முதல் எழுத்து கோணிப் போயிற்று, பரவாயில்லை. இயற்றியவர் என்ற கட்டத்தில் கருப்பையா சின்னராசு என்று எழுதினாள். பாடியவர், முதல் நான்கு விநாடி: அவரே. பாட்டின் உரிமை: அவருடையது. அனுமதி பெறப்பட்டதா? இல்லை. 'குறிப்பு' என்று அடியில் இரண்டு கோடு இடம் இருந்தது. அந்த ஆபீஸில் யாரும் அதை நிரப்பியதே இல்லை. அதில் எழுதினாள்: 'முந்தைய தாளில் நாட்டுப்புறப் பாடல் என்றும் சம்மதம் உண்டு என்றும் நான் எழுதியது தவறு. யார் பாட்டு என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் வரி இயற்றியவரைக் கேட்காமல் மாற்றப்பட்டது. அவர் பணம் கேட்கவில்லை, பெற்றதும் இல்லை. பெயர் கேட்கிறார்.' கீழே அமலா ஆரோக்கியசாமி.

சுஜீந்திரன் தலைகீழாக வாசித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் கையை நீட்டினார். "குடுங்க அத."

அவள் தாளைத் தூக்கிக்கொண்டாள். போனை எடுத்துப் படம் பிடித்தாள். முதல் படம் கலங்கிப் போயிற்று. இரண்டாவது சரியாக வந்தது.

"அமலா, இது கம்பெனி டாக்குமென்ட். நீங்க எடுத்துட்டுப் போக முடியாது."

"கையெழுத்து என்னோடது சார். பொய்யானா நானே பொறுப்புன்னு அதுலயே போட்டிருக்கே. கனி பாய்கிட்ட அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்னு சொன்னீங்க. நானே நடந்து போய்க் குடுத்துடறேன்."

"நீங்க திரும்பி வரமுடியாது. புரியுதா? இந்த ஆபீஸ்ல மட்டும் இல்ல. இந்தத் தெருவுல இருக்கற அத்தன பேரையும் எனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"உங்கம்மாவ நினைச்சுப் பாருங்க."

அவள் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவுக்கு முன்னால் நிற்பதை. இன்றைக்குச் சாயங்காலமே தபால்பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, கடிதம் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

"கதவச் சாத்திட்டுப் போங்க" என்றார் சுஜீந்திரன்.

சாத்தவில்லை. முகைதீனின் நாற்காலியைத் தாண்டினாள். அவர் திரும்பவில்லை, காலை மட்டும் உள்ளே இழுத்து வழி விட்டார். படி செங்குத்தானது. ஒவ்வொரு படியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். குடையை மேசைக்கடியில் விட்டுவிட்டது பாதிப் படியில்தான் ஞாபகம் வந்தது. கீழே பூக்கடைக்காரரின் போனில் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சின்னராசுவின் நான்கு விநாடி முடிந்து பாடகி ஆரம்பித்தாள். தங்கம் மின்னுவதற்குள் அமலா வெயிலில் இறங்கிச் சிராங்கூன் ரோட்டு நகைக்கடைப் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள்.